என்னைத் தேடி ஒரு லீக்கும் வரவில்லை

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. அசைன்மென்ட் ஒன்றை முடிக்கேலாமல் அறையில் முழுசிக்கொண்டிருந்தேன். சிட்னியில் இருந்து தங்கச்சி வட்ஸ்அப்பில் எடுத்தாள். தங்கச்சி என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, சித்தப்பாவின் மகள். பதினாலு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் மேற்குச் சிட்னியில், டூங்காபியில்.

"அக்கா, நீங்கள் அப்பாவோட ஒருக்கா கதைக்கோணும். நான் ஃபுட்டி விளையாடப் போறன். அவர் நோ எண்டு சொல்றார்."

எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா உதைபந்தாட்டப் பைத்தியம். ஊர்க் கழகத்தில் இடது பக்கம் ஓடினவர். அவர் அடித்த கோர்ணர் ஒன்று நேரே கோலுக்குள் போன கதையை எங்கள் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் மகள் ஃபுட்போல் விளையாட வேண்டாம் என்பாரா?

"ஃபுட்போல் இல்லை அக்கா. ஃபுட்டி. ஏ.எஃப்.எல்."

பின்னேரம் சித்தப்பாவே எடுத்தார். "பிள்ளை, அவளுக்கு நீயாவது சொல்லு. அது பந்தே இல்லை, முட்டை. கையால பிடிக்கினம், கையால குத்தினம், கடைசியில பேர் ஃபுட்போல். பள்ளிக்கூடத்துக்கு வந்து தொப்பியும் பந்தும் குடுத்துப் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள். இப்ப அக்கடமிக்குத் தேர்வாம்."

"பிடிச்சுக்கொண்டு போறாங்கள்" என்ற சொல்லை எங்கள் ஊரில் சும்மா பாவிக்க மாட்டோம். அதைக் கேட்ட உடனேதான் இது விளையாட்டுச் சண்டை மட்டும் இல்லை என்று பட்டது. ஒரு மத்தியஸ்தம் பண்ணுவதற்காகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். அசைன்மென்ட் அப்படியே கிடந்தது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், நானும் குழம்பிப் போனதால். அவுஸ்திரேலியாவில் 'ஃபுட்போல்' என்றால் எந்த ஊரில் நின்று சொல்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். மெல்பேர்ணில் சொன்னால் அது அவுஸ்திரேலியன் ரூல்ஸ். நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர், இரண்டு அந்தத்திலும் நாலு நாலு கம்பங்கள். சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் சொன்னால் பெரும்பாலும் றக்பி லீக். ஒரு பக்கத்துக்கு 13 பேர். 15 பேர் ஆடும் றக்பி யூனியன் வேறு. எங்களுடைய உதைபந்தாட்டத்துக்கு அங்கே நெடுங்காலமாகப் பெயர் 'சொக்கர்'. இந்த ஒவ்வொரு வகையையும் அவர்கள் 'கோட்' என்கிறார்கள். ஒரு சொல்லுக்கு நாலு உரிமையாளர்கள்.

இயன் டேர்ணர் என்ற வரலாற்றாசிரியர் 1978இல் ஒரு பேச்சில் அவுஸ்திரேலிய வரைபடத்துக்குக் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு கீறினார். கன்பரா, புரோக்கன் ஹில் ஊடாக வடக்குப் பக்கம் போகும் கோடு. அதற்குத் தெற்கும் மேற்கும் அவுஸ்திரேலியன் ரூல்ஸ். கிழக்கே நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் றக்பிக்காரர். மெல்பேர்ணின் பெரிய ஆட்டக்காரர் ரொன் பராசியின் பெயரை வைத்து அதைப் பராசிக் கோடு என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் புவியியல் படிக்கிற எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. ஒரே நாடு, ஒரே மொழி, அதற்குள் இப்படி ஒரு எல்லை. அதற்கு முள்வேலியும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. ஆனால் கடந்த நாற்பது வருஷமாக அந்த நாட்டின் விளையாட்டுத் தலைவர்கள் செய்து வருவது பெரும்பாலும் அந்தக் கோட்டைக் கடக்கிற வேலைதான்.

ஏன் கடக்க வேண்டும்? காசு. தொலைக்காட்சி. மெல்பேர்ணிலும் சுற்றியும் மட்டும் பார்க்கிற ஒரு லீக்கை நாடு முழுக்க விற்க முடியாது. சிட்னிக்காரரும் பிரிஸ்பேன்காரரும் பார்த்தால்தான் விளம்பரம் வரும். 1980களின் தொடக்கத்தில் மெல்பேர்ண் கிளப்புகள் பல கடனில் மூழ்கிக் கிடந்தன. அதில் ஒன்றான சவுத் மெல்பேர்ண் 1982இல் அப்படியே சிட்னிக்குப் பெயர்ந்தது. 'பெயர்ந்தது' என்று எழுதுவது லேசு. சவுத்தை சவுத்திலேயே வைத்திருங்கள் என்று உறுப்பினர்கள் போராடினார்கள். தோற்றார்கள். அந்தக் கிளப்தான் இன்றைய சிட்னி ஸ்வான்ஸ். 1987இல் பேர்த்திலும் பிரிஸ்பேனிலும் புதுக் கிளப்புகள் வந்தன. அவை கட்டிய உரிமக் கட்டணம் பழைய கிளப்புகளின் மூச்சைக் காப்பாற்றியது. 1990இல் 'விக்டோரிய' லீக் என்ற பெயர் 'அவுஸ்திரேலிய' லீக் ஆனது.

எனக்கு மனதில் நிற்பது ஃபிட்ஸ்ரோய் என்ற கிளப். 1883இல் தொடங்கியது. எட்டுத் தடவை சம்பியன். 1990களில் காசில்லாமல் திண்டாடி, கடைசியில் பசிபிக் தீவான நவுறுவிடம் வாங்கிய கடனில் மாட்டுப்பட்டது. 1996 செப்டெம்பர் 1ஆம் திகதி, சொந்த ஊரில்கூட இல்லை, கண்டத்தின் மறு கரையில், பேர்த்தில் தன் கடைசி மட்ச்சை ஆடியது. பிறகு பிரிஸ்பேனோடு சேர்க்கப்பட்டு பிரிஸ்பேன் லயன்ஸ் ஆனது. 2024 இறுதிப் போட்டியில் மெல்பேர்ண் மைதானத்தில் மோதியது யார் தெரியுமா? சிட்னி ஸ்வான்ஸும் பிரிஸ்பேன் லயன்ஸும். சவுத் மெல்பேர்ணின் பிள்ளையும் ஃபிட்ஸ்ரோயின் பிள்ளையும். ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். வென்றது பிரிஸ்பேன். லீக்கின் கணக்கில் இது வெற்றிக் கதை. சரியான கணக்கும்கூட. ஆனால் அந்த லட்சம் பேருக்குள் 1981இலும் 1996இலும் அழுத ஆட்கள் கொஞ்சப் பேராவது இருந்திருப்பார்கள்.

றக்பி லீக் இதைவிட மோசமாக அடிபட்டது. 1995இல் ரூபர்ட் மேர்டொக்கின் நியூஸ் நிறுவனம் தன் கட்டணத் தொலைக்காட்சிக்காகப் புது லீக் ஒன்றை உருவாக்கப் புறப்பட்டது. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் காசு காட்டி இழுத்தார்கள். மற்றப் பக்கத்தில் இன்னொரு தொலைக்காட்சி முதலாளி, கெரி பக்கர். 1997இல் ஒரே விளையாட்டுக்கு இரண்டு போட்டித் தொடர்கள் நடந்தன. இரண்டும் களைத்துப் போய் 1998இல் என்.ஆர்.எல். என்ற பெயரில் சேர்ந்தபோது 20 கிளப்புகள் இருந்தன. அதை 14 ஆக்க வேண்டும் என்று ஒப்பந்தம். 1908 முதல் ஆடிய சவுத் சிட்னியைத் தூக்கி வெளியே போட்டார்கள். சிட்னி வீதியில் பல்லாயிரக்கணக்கில் சனம் இறங்கியது. நீதிமன்றம் போய் 2002இல் திரும்பி வந்தார்கள். 2014இல் சம்பியனும் ஆனார்கள். வடக்குச் சிட்னியின் 'பெயர்ஸ்' கிளப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1999க்குப் பிறகு இன்னொரு கிளப்போடு ஒட்டவைத்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இப்போது 2027இல் பேர்த்தில் 'பேர்த் பெயர்ஸ்' என்று திரும்பி வரப் போகிறது. கரடிச் சின்னம் அதே, ஊர் வேறு.

இவ்வளவும் வாசித்துவிட்டு சித்தப்பாவுக்கு எடுத்தேன். கதையை அவரிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் எப்படி அங்கே சொக்கருக்குள் வந்தார் என்று.

அவர் சிட்னிக்குப் போனது 1996இல். வலிகாமம் வெறுமையான அந்த இடப்பெயர்வுக்கு அடுத்த வருஷம். இரவில் களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றும் வேலை. கூட வேலை செய்த குரோவேஷியர் ஒருவர் ஒரு ஞாயிறு இவரை மட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சிட்னி யுனைட்டட். 'சிட்னி குரோவேஷியா' என்று இருந்த கிளப்.

"பிள்ளை, உள்ளுக்குப் போன உடன எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. கிழவியள் சாப்பாடு சுட்டு விக்கினம். கொடி. பாட்டு. ஒரு சொல்லு விளங்கேல்ல. ஆனா எங்கட ஊர் மைதானத்தில, கோயில் திருவிழா நேரம் நடக்கிற ரூர்ணமென்ட் மாதிரியே கிடந்துது. வந்து ஆறு மாசத்தில அண்டைக்குத்தான் நான் முதல் முதல் சிரிச்சன்."

சித்தப்பா சிரித்த அந்த உலகத்தைத்தான் சொக்கரின் தலைவர்கள் வெட்கமாகப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கிரேக்கர், இத்தாலியர், குரோவேஷியர், மசிடோனியர், யூதர், ஹங்கேரியர் எல்லோரும் கட்டிய கிளப்புகள்தான் அங்கே இந்த விளையாட்டைத் தூக்கி நிறுத்தின. 1977இல் நாடு தழுவிய லீக்கை முதலில் தொடங்கியது சொக்கர்தான், மற்றக் கோட்டுகளுக்கு முன்னே. ஆனால் பெரும்பான்மைக்கு அது 'வந்தேறிகளின் விளையாட்டு'. கூட்டத்தில் சண்டை வந்தால் பத்திரிகையில் முதல் பக்கம். விரிவடைய வேண்டுமானால் இந்த இன அடையாளங்கள் போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1990களில் பெயர்கள் மாற்றப்பட்டன. சிட்னி குரோவேஷியா சிட்னி யுனைட்டட் ஆனதும், மெல்பேர்ண் குரோவேஷியா மெல்பேர்ண் நைட்ஸ் ஆனதும் அப்படித்தான். 2003இல் அரசாங்கம் கேட்டு எழுதப்பட்ட குரோஃபோர்ட் அறிக்கைக்குப் பிறகு பழைய லீக் 2004இல் மூடப்பட்டது. 2005இல் எட்டுக் கிளப்புகளோடு ஏ-லீக் வந்தது. புதுப் பெயர், புது நிறம், ஒரு நகரத்துக்கு ஒரு ரீம். சிட்னி யுனைட்டட்டும் மற்றப் பழைய கிளப்புகளும் மாநில லீக்குகளுக்கு இறங்கின. 2014இல் புதிதாக ஒரு கிளப் தன் பெயரிலோ சின்னத்திலோ இன அடையாளம் வைக்கவே கூடாது என்று விதியும் வந்தது. 2019இல்தான் அதை எடுத்தார்கள்.

"உங்களுக்குக் கோவம் வரேல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கோவம், அது என்ர கிளப்போ? ஆனா அந்தக் குரோவேஷியன் அதுக்குப் பிறகு மட்ச் பாக்கவே இல்லை."

இந்த மாற்றத்தை நடத்திய தலைவர் யார் என்று பார்த்தால்தான் கதை சிக்கலாகிறது. ஃபிராங் லோவி. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த யூதர். தகப்பனை ஆஷ்விற்ஸில் பறிகொடுத்தவர். 1952இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்து, வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதிகளைக் கட்டிப் பெரும் பணக்காரர் ஆனவர். அவர் சொக்கருக்குள் வந்ததே ஹகோவா என்ற யூதக் கிளப் வழியாகத்தான். அந்தக் கிளப்பை 1987இல் லீக்கிலிருந்து அவரே விலக்கினார். பிறகு 2003இல் திரும்பி வந்து, இனக் கிளப்புகள் இல்லாத லீக்கைக் கட்டினார். ஏ.எஃப்.எல்.லை 2003 முதல் 2014 வரை நடத்தி, கோல்ட் கோஸ்டுக்கும் மேற்குச் சிட்னிக்கும் புதுக் கிளப் கொண்டுவந்த அண்ட்ரூ டிமெட்ரியூ சைப்பிரஸ் கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. 2019 முதல் றக்பி லீக்கின் தலைவராக இருக்கும் பீற்றர் விலாண்டிஸ் கிரேக்கத் தீவொன்றில் பிறந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். கொரோனாக் காலத்தில் எல்லோரும் பூட்டிக்கொண்டிருக்க, 2020 மே 28ஆம் திகதி மட்ச் தொடங்கிக் காட்டினவர். 2024இல் சீசனையே லாஸ் வேகஸில் தொடங்கி வைத்தார். மூன்று பேரும் வந்தேறி வீட்டுப் பிள்ளைகள். வெளியில் நிற்கிறதென்றால் என்னவென்று தெரிந்தவர்கள். உள்ளே வந்த பிறகு ஒருவர், வெளியில் நின்றவர்களின் கதவைச் சாத்தினார். மற்றவர் அவர்களைத் தேடிக் கதவு தட்டினார். இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பிரித்துவிட எனக்குத் துணிவில்லை. லோவி இல்லாவிட்டால் அங்கே சொக்கர் அப்போதே செத்திருக்கும் என்று சித்தப்பாவே சொல்கிறார்.

இனி 2012. இந்த வருஷத்தை நான் கொப்பியில் வட்டம் போட்டு வைத்தேன்.

மேற்குச் சிட்னியில் இரண்டு மில்லியனுக்கு மேல் சனம். லெபனானியர், வியட்நாமியர், இந்தியர், பசிபிக் தீவினர், எங்கள் ஆட்கள். எல்லா லீக்கின் கண்ணும் அங்கேதான். ஏனென்றால் அங்கேதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2012இல் ஒரே வருஷத்தில் இரண்டு புதுக் கிளப்புகள் அங்கே இறங்கின.

ஒன்று, ஏ.எஃப்.எல்.லின் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயன்ட்ஸ். அங்கே யாரும் கேட்காத கிளப். லீக் பல வருஷம் திட்டம் போட்டு, பெருங்காசு கொட்டி உருவாக்கியது. கெவின் ஷீடி என்ற பழுத்த கோச்சைக் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் றக்பி லீக்தான் தெரியும் என்பதால், றக்பி லீக் நட்சத்திரம் இஸ்ரேல் ஃபொலாவை மில்லியன் கணக்கில் காசு கொடுத்து இழுத்தார்கள். அவர் ஒரு சீசன் ஆடிவிட்டு, சரிவராது என்று போய் றக்பி யூனியனில் சேர்ந்தார். முதல் வருஷம் 22 மட்ச்சில் 2 வெற்றி. இரண்டாம் வருஷம் 1. வேறு எந்த நிறுவனம் என்றாலும் கடையைப் பூட்டியிருக்கும்.

மற்றது, வெஸ்டர்ன் சிட்னி வொண்டரர்ஸ். இது அவசரத்தில் பிறந்தது. கோல்ட் கோஸ்டில் ஏ-லீக் தொடங்கிய கிளப் முதலாளியோடு பிரச்சினைப்பட்டு 2012இல் உரிமம் இழந்தது. அந்த ஓட்டையை அடைக்க சில மாதங்களில் உருவாக்கினார்கள். காசு இல்லை. ஆனால் ஊர் ஊராகக் கூட்டம் வைத்து, பெயர் என்ன, நிறம் என்ன என்று சனத்திடம் கேட்டார்கள். சிவப்பும் கறுப்பும் அப்படி வந்ததுதான். சித்தப்பாவும் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பின் வரிசையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். கோச் டோனி பொப்பொவிச், குரோவேஷியக் குடும்பத்துச் சிட்னிப் பெடியன், சிட்னி யுனைட்டட்டில் வளர்ந்தவர். வெளியே தள்ளிய கிளப்பின் பிள்ளையைத்தான் கடைசியில் கூப்பிட வேண்டி வந்தது. முதல் சீசனிலேயே புள்ளிப் பட்டியலில் முதலிடம். 2014இல் சவூதியின் அல் ஹிலாலை வென்று ஆசிய சம்பியன். பரமட்டா மைதானம் துள்ளியது. சித்தப்பா அந்த நேரம் வாங்கிய சிவப்புக் கறுப்புச் சால்வை இன்னும் அவருடைய காரின் பின் கண்ணாடியில் கிடக்கிறது.

இப்ப சொல்லுங்கள், இந்தக் கதையில் யார் வென்றிருக்க வேண்டும்?

வொண்டரர்ஸின் பரமட்டா மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் வேறு மைதானத்துக்குப் போன கூட்டத்தில் ஒரு பகுதி திரும்பி வரவே இல்லை. லீக்கிடம் அவர்களைத் தாங்கிப் பிடிக்கக் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. 2022 டிசம்பரில் ஏ-லீக்கை நடத்துபவர்கள், இறுதிப் போட்டி நடத்தும் உரிமையை மூன்று வருஷத்துக்குச் சிட்னிக்கு விற்றார்கள். எந்த ரீம் தகுதி பெற்றாலும் போட்டி சிட்னியில்தான். ரசிகர்கள் கொதித்து, மட்ச் நடக்கும்போதே எழும்பி வெளியே போனார்கள். பிறகு அதைக் கைவிட வேண்டி வந்தது. சொந்த மைதானம் கட்டுவோம் என்று சொல்லி உரிமம் எடுத்த வெஸ்டர்ன் யுனைட்டட், 2022இல் சம்பியனான கிளப், 2025-26 சீசனில் களத்திலேயே இல்லை. ஜயன்ட்ஸோ 2019இல் இறுதிப் போட்டி வரை போனது, பெருந்தோல்வி என்றாலும். அதன் கூடப்பிறப்பான கோல்ட் கோஸ்ட் சன்ஸ் 2011இல் வந்து, 2025இல்தான் முதல் தடவையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. பதினைந்து சீசன். அவ்வளவு காலம் ஒரு தோல்வியைச் சோறு போட்டு வளர்க்க லீக்கிடம் காசு இருக்கிறது. ஏழு வருஷ ஒளிபரப்பு ஒப்பந்தம் மட்டும் 4.5 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர்.

அதே ஏ.எஃப்.எல். டஸ்மேனியாவை எப்படி நடத்தியது என்று பாருங்கள். அந்தத் தீவு நூறு வருஷத்துக்கு மேலாக அவுஸ்திரேலியன் ரூல்ஸ் விளையாடுகிறது. ஒரு தடவைகூட உச்ச லீக்கில் சொந்த ரீம் கிடைத்ததில்லை. கேட்டுக் கேட்டு 2023இல்தான் 19ஆவது உரிமம் கிடைத்தது. அதுவும் ஹோபார்ட்டில் கூரை போட்ட புது மைதானம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த மைதானத்தின் செலவில் தீவின் அரசியலே ஆட்டம் கண்டது. 2028இல் ஆடப் போகும் 'டெவில்ஸ்' ரீமுக்கு 10 டொலர் உறுப்புரிமை விற்றபோது, சில நாளுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அரை மில்லியனைக் கொஞ்சம் தாண்டிய சனத்தொகை உள்ள தீவில்.

ஏற்கெனவே விரும்புகிறவனிடம் லீக் நிபந்தனை வைக்கிறது. விரும்பாதவனுக்குத் தொப்பி கொடுக்கிறது. எல்லாக் கோட்டிலும் நான் கண்ட ஒரே விதி இதுதான். விரும்புகிறவன் எப்படியும் வருவான் என்று தலைமைக்குத் தெரியும். விதிவிலக்கு மாதிரித் தெரிவது பப்புவா நியூகினி. றக்பி லீக்கை உயிராக நினைக்கிற நாடு. 2028இல் அவர்களுக்கு என்.ஆர்.எல்.லில் ரீம் வருகிறது. ஆனால் அங்கேயும் விருப்பம் மட்டும் போதவில்லை. பசிபிக்கில் சீனாவின் செல்வாக்கைப் பார்த்துப் பயந்த அவுஸ்திரேலிய அரசாங்கம் பத்து வருஷத்துக்கு 600 மில்லியன் டொலர் தர முன்வந்த பிறகுதான் கதவு திறந்தது.

இதை எல்லாம் நான் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். "பாத்தியே, நான் சொன்னன்தானே. அவங்களுக்கு இவளில விருப்பமில்லை. இவள் ரீவி போட்டால் காசு. அவ்வளவுதான்."

நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். மத்தியஸ்தம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று இரவு சாம் கேரைப் பற்றி வாசித்தேன்.

சாம் கேர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தூரத்தில் இருந்து அடித்த அந்தக் கோல். அந்த மட்ச் சிட்னியில்தான் நடந்தது. அவுஸ்திரேலியா தோற்றாலும், 2001இல் இப்போதைய கணக்கெடுப்பு முறை தொடங்கிய பிறகு அந்த நாட்டில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான். சித்தப்பாவின் வீட்டில் அவருடைய படம் ஒட்டியிருக்கிறது. ஆனால் சாம் கேர் சின்ன வயதில் விளையாடியது சொக்கர் இல்லை. பேர்த்தில் அவுஸ்திரேலியன் ரூல்ஸ். கல்கத்தாவில் பிறந்த தகப்பன் அந்த ஆட்டக்காரர். தமையன் ஏ.எஃப்.எல்.லில் ஆடியவர். பன்னிரண்டு வயது மட்டில் பெண்பிள்ளை பெடியளோடு தொடர்ந்து ஆட முடியாது, பெண்களுக்கென்று மேலே போக வழியும் இல்லை. அதனால்தான் சொக்கருக்கு மாறினார். சித்தப்பா கும்பிடுகிற ஆட்டக்காரியே, முட்டைப் பந்து அவரை வெளியே விட்டதால் கிடைத்தவர். ஏ.எஃப்.எல். பெண்கள் லீக் 2017இல்தான் தொடங்கியது. முதல் மட்ச்சுக்கு மெல்பேர்ணில் 24,000க்கு மேல் சனம் வந்து, வாசற்கதவைப் பூட்ட வேண்டி வந்தது. தொடங்கிய எட்டு ரீம்களில் ஜயன்ட்ஸும் ஒன்று. 2022இல் 18 கிளப்புக்கும் பெண்கள் ரீம் வந்துவிட்டது.

இதை வாசித்தபோது எனக்கு என்னுடைய எட்டாம் ஆண்டு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட உதைபந்தாட்ட ரீமில் நான் இருந்தேன். கோல் காப்பாளர். மாகாண மட்டம் வரை போனோம். ஓ.எல். வருஷம் வந்ததும் வீட்டில் காணும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கையுறையைத் தங்கச்சிமாருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொட்டதில்லை. ஊரில் ஆண்களுக்கு ரூர்ணமென்ட் இருக்கிறது, வெளிநாட்டுக் காசில் கிண்ணமும் சீருடையும் வருகிறது. சித்தப்பாவும் அனுப்பியிருக்கிறார். எனக்காக ஒருவரும் ஒரு தொப்பிகூட அனுப்பவில்லை. சந்தைக்காகவோ, வாக்குக்காகவோ, ஏதோ ஒரு கள்ள எண்ணத்துக்காகவோ கூட என்னைத் தேடி ஒரு லீக்கும் வரவில்லை.

அடுத்த நாள் சித்தப்பாவுக்கு எடுத்து இதைத்தான் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முழுக்கச் சரிவரவில்லை. "சித்தப்பா, அவங்கள் காசுக்காகத்தான் வாறாங்கள். ஓம். ஆனா வாறாங்கள். அவளுக்கு மைதானம் இருக்கு, கோச் இருக்கு, பெட்டையள் ரீம் இருக்கு. உங்களுக்கு ஒரு கிளப்பை மூடினவங்கள் மேல கோவம் இருக்கலாம். அதை அவளின்ர காலில கட்டாதேங்கோ."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "நீ கோல் காத்தனியா? எனக்கு ஆரும் சொல்லேல்லையே" என்றார்.

தங்கச்சி தேர்வுக்குப் போனாள். அக்கடமிக்கு அவளை எடுக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். நூறு பிள்ளைகளைத் தேடி வருகிற லீக் இரண்டு மூன்று பேரைத்தான் எடுக்கும். மிச்சப் பேர் ரிக்கெற் வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. இரண்டு நாள் அழுதாள். பிறகு பக்கத்து ஊர்க் கிளப் ஒன்றில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் மட்ச். சித்தப்பாதான் காரில் கொண்டுபோய் விடுகிறார். பின் கண்ணாடியில் சிவப்புக் கறுப்புச் சால்வையோடு.

போன மாதம் மைதானத்தில் நின்றுகொண்டு எனக்கு வீடியோ கோல் எடுத்தார். அங்கே குளிர், வாயிலிருந்து புகை வந்தது. பின்னால் பெட்டையள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம்.

"பிள்ளை, இதில ஓஃப்சைட் எண்டு ஒண்டு இல்லையாம். உண்மையோ?"

"ஓம் சித்தப்பா. இல்லை."

"அப்ப ஆர் எங்க நிக்கக்கூடாது எண்டு ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் சொல்லுறேல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு போனை மைதானப் பக்கம் திருப்பினார். "உங்க பார், எல்லா இடமும் ஓடுறாள்" என்றார். குரலில் குறையா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. படம் ஆடியது. தூரத்தில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டிருந்தது.